கல்லு பங்களாவுக்குள்ள கறுப்புச் சட்டையோட

கல்லு பங்களாவ படம் எடுக்கப் போன அன்னிக்கும் காடிய எங்க வீட்டுக்காரருதான் ஓட்டினாரு. எங்க ஊரு உலு திராம்லருந்து கிளம்பும்போதே, "சாவியக் குடுங்க, நான் ஓட்டறேன்"னு கேட்டேன். "ஏன், எனக்கு என்ன கேடு?"ன்னாரு. சரி, எக்கேடோ கெட்டுப் போங்கன்னு ஏறி உக்காந்தேன். யோங் பெங் வர்ற வரைக்கும் சீட் பெல்ட்ட ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டே வந்தேன். பக்கத்துல லாரி வரும்போதெல்லாம் என் கால் தன்னால இல்லாத பிரேக்க மிதிச்சுது. ஹைவேல வெள்ளக் கோடு தெரியாம பக்கத்து லேன்ல ஏறிட்டாரு. பின்னாடி வந்தவன் ஹாரன் அடிச்சா, "குடிச்சிட்டு ஓட்டறான் பாரு"ன்னு அவனத்தான் ஏசறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

எங்க வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர், அதான் சக்கர வியாதி. பல வருஷமா இருக்கு, இப்ப கண்ணுல எறங்கிடுச்சு. ஜொகூர் பாருவுல ஒரு டாக்டரம்மா கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பாத்துட்டு, பின்பக்கம் ரத்தம் கசியுது, சீக்கிரமா ஊசி போட ஆரம்பிக்கணும், தள்ளிப் போட்டா பார்வை போயிடும், போனது திரும்ப வராதுன்னு பச்சையாவே சொல்லிட்டாங்க. "ஊசி எங்க போடுவீங்க?"ன்னு இவரு கேட்டாரு. "கண்ணுலதான்"னாங்க. அவ்வளவுதான். மனுஷன் எழுந்திரிச்சு நேரா வெளிய வந்துட்டாரு. காடி நிறுத்தற எடத்துல நின்னுக்கிட்டு, "இன்னொரு தடவ இந்த வாசல மிதிச்சா என்னச் செருப்பால அடி"ன்னாரு. நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க.

இவரு பொழப்பே கண்ணுதான். கல்யாணத்துக்குப் படம் எடுக்கறவரு. எடுத்துட்டு வர்ற படத்த வீட்டுல கம்ப்யூட்டர்ல போட்டுப் பொறுக்கறது என் வேல. அதனால அவரு ஒத்துக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தாலி கட்டற நேரத்துல பொண்ணு மொகம் புகையா இருக்கும், பின்னாடி நிக்கற நாதஸ்வரக்காரரு மட்டும் பளிச்சுன்னு இருப்பாரு. கேட்டா லென்சு கெட்டுப்போச்சும்பாரு. சிங்கப்பூர்ல கடையில குடுத்துப் பாத்தோம். லென்சு நல்லா இருக்குன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்புறம் வெளிச்சம் சரியில்லன்னாரு, மண்டபத்துல புகை போட்டுட்டாங்கன்னாரு. ஊர்ல உள்ள எல்லாத்துக்கும் கொறை, அவரு கண்ணுக்கு மட்டும் கொறையே இல்ல.

ஒரு நாள் சண்ட முத்திப்போச்சு. நான் அழுதுட்டேன். அப்பத்தான் அவரே பந்தயம் கட்டினாரு.

பெக்கோக் தாண்டி ஒரு எஸ்டேட்டுக்குள்ள ரப்பர் காலத்து வெள்ளக்கார தொரை கட்டின பங்களா ஒண்ணு இருக்கு. முழுக்க கருங்கல்லு. கூரை பாதி போயிடுச்சு, சுவரு அப்படியே நிக்குது. அத அமாவாசை ராத்திரில, வானம் முழுக்க நட்சத்திரத்தோட எடுக்கணும்னு இவருக்கு ரொம்ப நாளா ஆச. எஸ்டேட் ஆபீசுல கேட்டுக் கேட்டு, கடைசியில ஒரே ஒரு ராத்திரிக்கு அனுமதி கெடச்சிருந்துச்சு.

"அந்தப் படத்த நான் எடுத்துக் காட்டறேன்"னாரு. "வானம் சுத்தறதால நட்சத்திரம் எல்லாம் கோடா விழும். ஒவ்வொரு கோடும் நூல் மாதிரி விழுந்திருந்தா, அப்புறம் உன் வாயில ஆஸ்பத்திரிங்கற பேச்சே வரக்கூடாது. இடியப்பம் மாதிரி தடிச்சுப் போயிருந்தா, நீ எங்க கூப்பிடறியோ அங்க வரேன்."

"என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணுங்க"ன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு. பொய்ச் சத்தியம் பண்ணினா அது என் தலையிலதான் விடியும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அப்புறம் கைய வெச்சாரு.

நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னா, நட்சத்திரத்துக்கு கேமரா தானா ஃபோக்கஸ் பண்ணாது. அந்த இருட்டுல அதுக்கு ஒண்ணும் புடிபடாது. மனுஷன்தான் கண்ண வெச்சு, லென்ச மெல்ல மெல்லத் திருப்பி நிறுத்தணும். இவரால முடியாது, நிச்சயமாத் தோப்பாருன்னு நெனச்சேன். கட்டினவன் தோக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்ட ஒரே பொம்பள நானாத்தான் இருப்பேன்.

எஸ்டேட் கேட்டுல காவலுக்கு இருந்த ஜாகா ஒரு நம்மாளு. வயசானவரு. அனுமதிச் சீட்டப் பாத்துட்டு என் பக்கமா குனிஞ்சு, "அம்மா, முந்தாநேத்து பெரியவங்க வந்து பங்களாவுக்குப் பின்னால இருக்கற செம்பனை மரத்தச் சாச்சிட்டுப் போயிருக்காங்க. வந்தா அசையாம நில்லுங்க. மொகத்துக்கு நேரா லைட்டு அடிச்சிராதீங்க"ன்னாரு.

நான் எஸ்டேட்டுல பொறந்து வளந்தவ. பொழுது சாஞ்சுட்டா நாங்க யானைன்னு பேரச் சொல்ல மாட்டோம், பெரியவங்கன்னுதான் சொல்லுவோம். இவரு டவுன்காரரு. "யானைன்னு சொல்லுங்கண்ணே, வந்து கேக்கவா போகுது?"ன்னு சிரிச்சாரு. ஜாகா மொகம் சுண்டிப்போச்சு.

"திரும்பிப் போலாம்ங்க"ன்னேன்.

"போலாம் லா. ஆனா நீயா கூட்டிட்டுப் போனா பந்தயத்துல நான் ஜெயிச்ச மாதிரி. சரியா?"

எமகாதகன். நான் சீட் பெல்ட்ட மறுபடி இழுத்துப் போட்டுக்கிட்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே பங்களாவச் சுத்திப் பாத்தோம். சுவரு ஒரு மொழத்துக்கு மேல தடிமன். முன்பக்கம் வரிசையா மூணு ரூம்பு, ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு ஜன்னல். கதவு, கண்ணாடி எதுவும் இல்ல. ஜன்னல்ல இரும்புக் கம்பி மட்டும் கெட்டியா நின்னுச்சு. தரை சிமெண்டு, ஓட்ட எதுவும் இல்லன்னு நான் காலால தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டேன். அவரு முன்னால புல்லுத் தரையில ஸ்டாண்ட நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் முக்காலியப் போட்டு உக்காந்தாரு. காடி அவருக்குப் பின்னால, செம்மண் ரோட்டோரமா நின்னுச்சு.

இந்த வேலையில என் பங்கு என்னன்னா, கேமரா ஷட்டர் பத்து நிமிஷத்துக்கு மேல திறந்தே இருக்கும். அந்த நேரத்துல நான் இருட்டுல உள்ள போய், ஒவ்வொரு ரூம்பா சுவத்துல டார்ச் வெளிச்சத்தப் பெயிண்ட் அடிக்கற மாதிரி பூசிட்டு வரணும். படத்துல பாத்தா வீட்டுக்குள்ள யாரோ விளக்கேத்தி வெச்ச மாதிரி ஜன்னலெல்லாம் மஞ்சளா நிக்கும். என் உருவம் படத்துல விழக்கூடாதுன்னு தலையிலருந்து கால் வரைக்கும் கறுப்பு. எங்க மாமியார் இருந்திருந்தா, சுமங்கலிப் பொம்பளைக்குக் கறுப்புச் சட்டையான்னு என்னைய உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பாங்க. அவரு "திறந்தாச்சு"ன்னா நான் ஊமை. "மூடியாச்சு"ங்கற வரைக்கும் ரெண்டு பேரும் பேசக் கூடாது, வெளிப்பக்கம் வெளிச்சம் காட்டக் கூடாது. ஒரு தடவ கொசு கடிச்சுதுன்னு "ஸ்ஸ்"னு சொன்னதுக்கு, சத்தம் எப்படி படத்துல விழும்னு கூட யோசிக்காம என்கிட்ட ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த ஆளு இவரு.

நல்லா இருட்டிடுச்சு. டவுன்ல அந்த மாதிரி வானத்தப் பாக்கவே முடியாது. அள்ளி எறச்ச அரிசி மாதிரி கெடந்துச்சு. நான் அண்ணாந்து பாத்துட்டு நின்னேன். அவரு பாக்கல. கேமரா ஸ்கிரீன்ல மூக்கு இடிக்கற அளவுக்குக் குனிஞ்சு லென்சத் திருப்பிக்கிட்டே இருந்தாரு. முன்னெல்லாம் சட்டுனு முடிக்கற வேல. அன்னிக்கு திருப்பறாரு, விடறாரு, கண்ணக் கசக்கறாரு, மறுபடி திருப்பறாரு. பக்கத்துல நின்ன எனக்கு ஜெயிக்கப் போறேன்னு சந்தோஷமே வரல. பாக்கப் பாவமா இருந்துச்சு, அதே நேரத்துல பிடறியில ஒண்ணு போடணும் போலவும் இருந்துச்சு.

"கெடச்சிடுச்சு"ன்னாரு, தேவைக்கு மேல சத்தமா. நான் எட்டிப் பாத்தேன். ஸ்கிரீனக் கையால மறைச்சிட்டாரு. "எடுத்து முடிச்சப்புறம்தான் பாக்கணும். போ உள்ள."

போனேன். வெளியருந்து "திறந்தாச்சு"ன்னு குரல் வந்துச்சு.

மொத ரூம்பப் பூசிட்டு டார்ச்ச அணைச்சேன். சுவத்தத் தடவிக்கிட்டே ரெண்டாவதுக்குப் போனேன். அதையும் முடிச்சேன். மூணாவது ரூம்புக்குள்ள கால் வெக்கறேன், ஒரு வாட வந்துச்சு. மாட்டுக் கொட்டகையும் கசக்கின எலையும் சேந்த மாதிரி. சின்ன வயசுல அந்த வாட வந்தா எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் சமைக்கற அடுப்பக் கூட அப்படியே விட்டுட்டு கதவ சாத்திக்குவோம்.

ஜன்னல் வழியாப் பாத்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அங்க தெரிஞ்ச நட்சத்திரத்தக் காணோம். அந்த எடமே நகர்ந்துச்சு. சுவரோரமா உரசற சத்தம், அப்புறம் புல்லு பிடுங்கற சத்தம். இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு மெதுவா உருவம் புடிபட்டுச்சு. ஒரு பொம்பள யானை. அது காலுக்கிட்ட ஒரு குட்டி. ஐயோ சாமி, குட்டியோட இருக்கறதுகிட்ட மாட்டினா அவ்வளவுதான். அது எனக்கும் அவருக்கும் நடுவுல, புல்லுத் தரையில போய் நின்னுச்சு.

அவரு முக்காலியில அப்படியே உக்காந்திருந்தாரு. அதுக்கு நேரா மொகத்த வெச்சிக்கிட்டு, ஆடாம அசையாம. பரவால்லயே, ஜாகா சொன்னத மனுஷன் காதுல வாங்கியிருக்காருன்னு நெனச்சேன். பாத்துட்டாரு, பயத்த அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காருன்னு நெனச்சேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவரு மேல பெருமையாக் கூட இருந்துச்சு.

அப்ப அவரு பேசினாரு.

"இந்தா, மூணாவது ரூம்பு என்னாச்சு? தூங்கிட்டியா?"

எனக்கு உசுரே போயிடுச்சு. அவரு பாக்கல. யானை எங்கருந்தோ ஒளிஞ்சு வரல, மறைவா நிக்கல, மனுஷனுக்கு முன்னால மலை மாதிரி நிக்குது, அவருக்குத் தெரியல. எனக்கு ஜன்னல் வழியாத் தெரியறது அவருக்கு வெட்டவெளியில தெரியல.

யானை புல்லு திங்கறத நிறுத்திடுச்சு. காது ரெண்டும் விரிஞ்சு நின்னுச்சு. குட்டி அம்மா காலுக்குள்ள பூந்துக்கிச்சு.

"இந்தா..."

முக்காலி தள்ளற சத்தம் கேட்டுச்சு. எழுந்திரிச்சிட்டாரு. நான் பதில் சொல்லலன்னு, என்ன ஏதுன்னு பாக்க உள்ள வரப் போறாரு. நேரா வந்தா அது மேலதான் முட்டிக்குவாரு. ஒரு அடி வெச்சாரு. இன்னொரு அடி வெச்சாரு. கத்தலாமா? கத்தினா அது மிரண்டு எந்தப் பக்கம் ஓடும்னு யாரு கண்டா, அந்தப் பக்கம்தான் அவரு இருக்காரு. வெளிய டார்ச் அடிக்கலாமா? கூடவே கூடாது. கத்தாமவும் இருக்க முடியல.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. அவரு என்ன கேட்டாரு? மூணாவது ரூம்பு வெளிச்சத்தத்தானே கேட்டாரு. அது வந்துட்டா அவரு நின்னுருவாரு. வேல நடக்குதுன்னு நெனச்சு அப்படியே நிப்பாரு. யானைக்கும் வெளிச்சம் தெரியும்தான். தெரியட்டும். அது என் பக்கம் திரும்பினா எனக்கு முன்னால ஒரு மொழத்துக்குக் கருங்கல்லு இருக்கு. அவருக்கு முன்னால என்ன இருக்கு, வெறும் காத்துதான்.

ஜன்னலுக்கு முதுகக் காட்டிக்கிட்டுத் திரும்பி நின்னு, பின் சுவத்துல டார்ச்ச அடிச்சேன். எப்பவும் பூசற மாதிரி மேலருந்து கீழ, கீழருந்து மேல. கை பாட்டுக்கு வேல செஞ்சுது. காது மட்டும் பின்னால இருந்துச்சு.

அவரு காலடி நின்னுச்சு.

அதே நேரத்துல புல்லு மிதிபடற சத்தம் என்ன நோக்கி வந்துச்சு. சுவத்துல என் கண்ணு முன்னாலயே ஒரு நெழல் பெருசாகிப் பெருசாகி... இல்ல, அது நெழல் கெடையாது, பயத்துல எனக்கு அப்படித் தோணுச்சு. டார்ச்ச அணைச்சிட்டு, ஜன்னலுக்குக் கீழ சுவத்தோட சுவரா ஒட்டி உக்காந்தேன். கம்பிக்கு நடுவுல தும்பிக்க நொழஞ்சுது. சூடான மூச்சு என் தலமேல பட்டுச்சு. முடியெல்லாம் பறந்துச்சு. கல்லுல கனமா ஒரு இடி. மேலருந்து சுண்ணாம்பு உதிர்ந்துச்சு. சுவரு ஆடல. அந்த வெள்ளக்காரன் யாருன்னு எனக்குத் தெரியாது, எங்க பாட்டன் பூட்டன எல்லாம் அவன் என்ன பாடு படுத்தினானோ தெரியாது, ஆனா அன்னிக்கு அவன் சுவத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு எனக்குத் தெரிஞ்ச சாமி பேரெல்லாம் சொன்னேன்.

வெளிய குட்டி ஒரு தடவ கீச்சுன்னு கத்துச்சு. தும்பிக்க வெளிய போச்சு. அப்புறம் ரெண்டும் பங்களாவச் சுத்திக்கிட்டு, பின்பக்க செம்பனைக்குள்ள போற சத்தம். மட்ட முறியுது. அப்புறம் இன்னும் தூரத்துல முறியுது. அப்புறம் தவளைங்க கத்தறது மட்டும் கேட்டுச்சு.

எழுந்து நின்னேன். வாயத் திறந்தா சத்தம் வரல.

வெளிய யாரோ ஓடி வர்ற சத்தம். படிக்கட்டுல தடுக்கி விழுந்தாரு. எழுந்தாரு. மொத ரூம்புக்குள்ள போய்ச் சுவத்துல இடிச்சிக்கிட்டாரு. கல்யாணமாகி இத்தன வருஷத்துல "இந்தா", "ஏய்" தவிர வேற எதுவும் சொல்லிக் கூப்பிடாத மனுஷன், என் பேரச் சொல்லிக் கத்தினாரு. அவரு வாயில என் பேரு எனக்கே யாரோ மூணாம் மனுஷி பேரு மாதிரி இருந்துச்சு.

மூணாவது ரூம்பு வாசல்ல வந்து நின்னாரு. நான் அவருக்கு நேரா, கை நீட்டினா தொடற தூரத்துல நிக்கறேன். கூரை இல்லாத ரூம்பு அது, நட்சத்திர வெளிச்சத்துல அவரு நெத்தியில வழியற ரத்தம் வரைக்கும் எனக்குத் தெரியுது. அவரு என்னத் தாண்டி, எனக்குப் பின்னால இருந்த வெறும் சுவத்தப் பாத்துக் கத்தினாரு.

"எங்கடி இருக்க? எனக்குத் தெரியலடி. பேசுடி. எனக்கு ஒண்ணுமே தெரியல."

நான் அவரு கையப் புடிச்சேன். தூக்கி வாரிப் போட்டுச்சு அவருக்கு. அப்புறம் ரெண்டு கையாலயும் என் மொகத்தத் தடவினாரு, தோளத் தடவினாரு, கையி இருக்கா காலு இருக்கான்னு கடையில சாமான் எண்ணற மாதிரி தடவினாரு. "லைட்டு எரிஞ்சப்ப ஜன்னல்ல பாதியக் காணோம்"னாரு. "அப்பத்தான் தெரிஞ்சுது முன்னால என்னமோ நிக்குதுன்னு. அது உன்கிட்ட வந்துச்சு. லைட்டு அணைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம்..." அம்பது வயசு ஆம்பள தேம்பித் தேம்பி அழுதாரு. நானும் அழுதேன். அழுதுக்கிட்டே நல்லா ஏசினேன். என்னென்ன ஏசினேன்னு எழுத முடியாது, பிள்ளைங்க படிப்பாங்க.

காடியில அவர இடது பக்கம் உக்கார வெச்சேன். சாவிய அவரே என் கையில வெச்சாரு. ஷட்டர் அது பாட்டுக்குத் திறந்தே இருந்திருக்கு, நான்தான் போய் மூடி, எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தேன். கதவ நல்லா லாக் பண்ணிட்டு நெத்தியத் தொடச்சு விட்டேன். அவரு கேமராவ என்கிட்ட நீட்டினாரு.

"கோடு எப்படி விழுந்திருக்குன்னு பாத்துச் சொல்லு."

"நீங்களே பாருங்க."

"நீ சொல்லு."

ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பாத்தேன். ரெண்டு ஜன்னல் முழுசா மஞ்சளா எரியுது. மூணாவது ஜன்னல்ல பாதிதான் இருக்கு, மீதிய இருட்டு கடிச்சுத் தின்ன மாதிரி. அதுக்கு மேல வானம் முழுக்க கோடு. ஒவ்வொண்ணும் நூல் மாதிரி. அவ்வளவு மெல்லிசா, அவ்வளவு சுத்தமா அவரு எடுத்து நான் பாத்ததே இல்ல. பொய் சொல்லியிருக்கலாம். இடியப்பம்னு சொன்னா அவரால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு மனசு வரல.

"ஜெயிச்சிட்டீங்க. நூல் மாதிரிதான் விழுந்திருக்கு."

அவரு ஒவ்வொரு விரலா நெட்டி முறிச்சாரு.

"கண்ண வெச்சு எடுக்கலடி. ஸ்கிரீன்ல எனக்கு வெறும் புகைதான். லென்சு எந்த எடத்துல நிக்கணும்னு விரலுக்குப் பழக்கம். குத்துமதிப்பாத் திருப்பி விட்டுட்டேன். உன் தலையில சத்தியம் பண்ணிட்டு ஏமாத்திட்டேன்."

நான் சாவியப் போட்டேன், திருப்பல. அவரு முன்னால இருட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"நாளைக்கே போன் போடு, வரேன். ஆனா டாக்டரம்மாகிட்ட ஒண்ணு மட்டும் கேட்டு வெய்யி"ன்னாரு. "அந்த ஊசி போடறப்ப நீ என் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கலாமான்னு."

ஊசி போடற ரூம்புக்குள்ள வேற யாரையும் விட மாட்டாங்க. நான் முன்னாடியே நர்சுகிட்ட கேட்டு வெச்சிருந்தேன், கண்டிப்பா முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

"நிக்கலாமாம், கேட்டுட்டேன்"னு சொல்லிட்டு காடிய எடுத்தேன்.